எழுதி வைத்த தடுமாற்றம்

நாற்பத்தாறு வயதில் ஜாஸ் படிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசையெல்லாம் வரவில்லை. வந்தது ஒரு சுற்றறிக்கை. முதுகலைப் பட்டம் இல்லாத இசை ஆசிரியர்கள் அடுத்த ஆண்டிலிருந்து வகுப்பெடுக்க முடியாது என்று பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் அங்கே பிள்ளைகளுக்குச் சாக்ஸபோன் சொல்லிக்கொடுத்த மனிதர். அதைத் தவிர வேறு வேலை தெரியாது. ஒரு வருட மாலை நேர முதுகலைப் படிப்பில் காலியாக இருந்தது ஜாஸ் மட்டும்தான். போய்ச் சேர்ந்தார்.

தாளில் எழுதியிருந்தால் அவர் எதையும் வாசித்துவிடுவார். முன்பின் பார்த்திராத பாட்டை முன்னால் வைத்தாலும் மடமடவென்று ஊதித் தள்ளுவார், ஒரு சுரம் பிசகாது. ஜாஸிலோ தாளில் பாதிதான் இருக்குமாம். மீதியை மேடையில் நின்றபடியே, அந்தந்த நிமிடத்தில், தானாக உண்டாக்கி வாசிக்க வேண்டுமாம். முதல் வாரம் வகுப்பு முடிந்து வந்தவர் தோளில் மாட்டிய பெட்டியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"மனசுல தோணுறத வாசிங்கன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது."

"ஒண்ணுமேவா தோணாது? என்கிட்ட சண்டை போடறப்ப மட்டும் எழுதி வச்சா பேசுறீங்க?"

"சண்டையில நீதானே பேசுற," என்றார். அதுவும் உண்மைதான், என்ன செய்ய.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். இவர் ஊத ஆரம்பித்தாலே கீழ் வீட்டு ஓய்வுபெற்ற நில அளவையாளர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையில் இடிப்பார். அதனால் இவர் துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற என் உடுப்புகளுக்குள் தலையையும் சாக்ஸபோனையும் நுழைத்துக்கொண்டு பயிற்சி செய்வார். வெளியே முதுகு மட்டும் தெரியும். அந்த முதுகைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். வகுப்பில் எல்லாரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். இவருக்குப் 'பேப்பர் அண்ணா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோபமே வராமல் அதை என்னிடம் வந்து சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சாப்பிட்டு முடித்து நான் தட்டுக் கழுவ, அவர் பக்கத்தில் நின்று துடைப்பார். துடைக்கும்போது வாய்க்குள் ஏதோ முனகுவார். வகுப்பில் கொடுத்த பாட்டில் ஆரம்பிக்கும், அப்படியே எங்கேயோ போகும், சுற்றிக்கொண்டு திரும்பி வரும். ஒருநாள் போன வழியில் மறுநாள் போகாது. நான் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் காது இருக்கிறதே.

"ஏங்க, இதத்தானே அவங்க கேக்குறாங்க? நேத்து ஒரு மாதிரி பாடுனீங்க, இன்னைக்கு வேற மாதிரி பாடுறீங்க!"

அவ்வளவுதான். கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடிக்கொண்டு ஓடினார். முனகியதை எழுதிப் பிடிக்கப் பார்த்தார். பாதி நினைவில் வந்தது, பாதி வரவில்லை. மறுநாள் தட்டுத் துடைக்கும்போது தன் வாயையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தமே வரவில்லை. அன்றோடு அந்த முனகலும் நின்றுபோனது. என் வாய்தான் கெடுத்தது. சும்மா இருந்து தொலைத்திருக்கலாம்.

பிறகு அவர் வேறு வழியைக் கண்டுபிடித்தார். மேடையில் தோன்றவேண்டியதை முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து எழுதினார். தேர்வுக்கு வாசிக்க வேண்டிய ஆறு பாட்டுக்கும் எழுதி, அழித்து, திருத்தி, மனப்பாடம் செய்தார். இரண்டாவது பாட்டில் நடுவே ஒரு தடுமாற்றத்தையும் எழுதிச் சேர்த்தார்.

"தப்பா வாசிக்கவும் எழுதி வச்சிருக்கீங்களா?"

"அப்பதான் அந்த நேரத்துல தோணுன மாதிரி இருக்கும். நல்லா இருக்குல்ல?"

ஐந்து மாதம் அலமாரிக்குள்ளிருந்து அதே தடுமாற்றம். டோக்கன் கொடுக்கும்போது என் வாயிலேயே அது வர ஆரம்பித்துவிட்டது.

தேர்வுக் கச்சேரியன்று நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். தேர்வாளர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் அவருடைய பேராசிரியை, என் தங்கையைவிடச் சின்னவள். ஆறு பாட்டையும் இவர் அமர்க்களமாக வாசித்தார். அந்தத் தடுமாற்றம் வந்தபோது ஒரு பையன் "ஆஹா!" என்றுகூடச் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது பேராசிரியை சொன்னாள்: "ரொம்ப அழகா இருந்துச்சு சார். அந்த ரெண்டாவது பாட்ட இன்னொரு தரம் வாசிங்களேன், கேக்கணும் போல இருக்கு."

அவர் வாசித்தார். முதலில் வாசித்ததை அச்சு அசலாக வாசித்தார். தடுமாற்றம் வரப்போகிறது என்று அந்த அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து கத்தவா முடியும்? இருமிப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. அதே இடத்தில், அதே அளவுக்குத் தடுமாறினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவரோடு டிரம்ஸ் வாசித்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப வேற மாதிரி, சார்," என்றாள் பேராசிரியை, மெதுவாகத்தான். "எப்படி வேணா."

அவர் சாக்ஸபோனை வாயில் வைத்தார். மூச்சை இழுத்தார். சத்தம் வரவில்லை. அவருடைய வலது கை மட்டும் எழுந்து முன்னால் இருந்த, தாள் வைக்கிற தாங்கியைத் தொட்டு, பக்கம் புரட்டப் பார்த்தது. தாங்கியில் தாள் எதுவும் இல்லை. அந்தக் கையை நான் பார்த்திருக்கவே கூடாது.

மூன்று மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு தருவார்களாம், அதுதான் கடைசி. பள்ளிக்கூடமும் அதுவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி எழுத உட்கார்ந்தார். "இந்தத் தடவ ஒவ்வொரு பாட்டுக்கும் மூணு மாதிரி எழுதி வச்சுக்கிறேன்."

"நாலாவது கேட்டாங்கன்னா?"

பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதான் நானும் யோசிக்கிறேன்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் பக்கத்தில் முனகல் கேட்டது. அதே இரண்டாவது பாட்டு. ஆனால் இதுவரை நான் கேட்டிராத வழியில் போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பவில்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது.

சட்டென்று நின்றது.

"ஏய், நான் இப்ப என்ன பாடிக்கிட்டு இருந்தேன்?"

"தெரியலையே. குழா சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"கொஞ்சம்கூடவா? ஆரம்பம் மட்டும் சொன்னாப் போதும்."

முழுவதும் என் தலைக்குள் இருந்தது. சொன்னால் எழுதிவிடுவார். எழுதினால் அதையே வாசிப்பார். சொல்லாவிட்டால் இப்படியே நிற்பார்.

"இல்லைங்க," என்றேன்.

ஈரத் துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். அலமாரிக் கதவு திறந்தது. பழையதையே முதலிலிருந்து ஆரம்பித்தார், தடுமாற்றத்தோடு.