அது தமிழ்தேன்

மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பைண்டிங் பசையின் வாடை மூக்கில் ஏறினால், இன்றும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். ஆவணக் காப்பகத்தில் பழைய கையெழுத்துப் புத்தகங்களைச் செப்பனிட்டுத் தைக்கும் வேலையில் இருப்பவளுக்கு இது தோதான குணம் இல்லை.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு புத்தகம் இருந்தது. அரபுத் தமிழ், அதாவது தமிழையே அரபி எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதியது. பிள்ளைப்பேற்றின்போது பெண்கள் கூடி ஓதும் பாட்டுகள். பக்கங்களின் வெளியோரத்தில், கடினமான சொற்களுக்கு என் அம்மாவைப் பெற்றவர் பொடி எழுத்தில் பொருள் எழுதி வைத்திருந்தார். அம்மாவைப் பெற்ற கையோடு அவர் இறந்துவிட்டார், புகைப்படம்கூட இல்லை. "எங்கம்மா என்கிட்டப் பேசுற எடம் இதுதேன்" என்று அம்மா அந்த ஓரங்களை விரல் வைத்துப் படிப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த அம்மாவின் அண்ணன், எங்கள் "மாமு", அதைக் கந்தல் என்று தூக்கிக்கொண்டு காரைக்குடியில் பள்ளிப் புத்தகம் தைக்கும் பைண்டரிடம் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். பைண்டர் ஒழுங்காகத்தான் கேட்டார்: "இது அரபியா பாய், தமிழா?"

அதில் ஒரு வரி படிக்கத் தெரியாத மாமு பெருமையாகச் சொன்னார்: "எழுத்தைப் பாத்து மெரளாதீக. அது தமிழ்தேன்."

தமிழென்றால் இடப்பக்கம்தானே தைக்க வேண்டும்? பைண்டர் வலப்பக்கம் இருந்த பழைய மடிப்பை அறுத்துவிட்டு, வெளியோரத்தை மெஷினில் கொடுத்து நறுக்கி, அங்கே முதுகு வைத்துத் தைத்து, சிவப்பு ரெக்சின் ஒட்டிக் கொடுத்தார். "ஓரத்துல கிறுக்கலா இருந்துச்சு பாய், எடுத்துட்டேன்" என்றார், உபகாரம் செய்தவரைப் போல.

அம்மா திறந்தாள், மூடினாள். "யாரைக் கேட்டு வெட்டுனீக?"

"நல்லதுக்குத்தேன் செஞ்சேன்" என்றார் மாமு. அவருக்குத் தாயின் முகம் நினைவிருந்தது, எழுத்து எதற்கு? அந்த நல்லதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காப்பகத்துக்கும் இதே நல்லவர்கள் வருகிறார்கள். "ஓரத்தை வெட்டி நேராக்கிடுங்க மேடம், ஸ்கேன் அழகா வரும்." வாய்க்கு வந்தபடி ஏசிவிடுகிறேன். சண்டைக்காரி என்று பெயர், இருக்கட்டும்.

சென்ற மாதம் அம்மாவின் புத்தகத்தைத் தையல் பிரித்தேன், முதுகுப் பசைக்கடியில் ஏதாவது தப்பியிருக்குமென்று. அரபி எழுத்துகளுக்கு மேலும் கீழும் வைக்கும் புள்ளிகளில் சில தப்பியிருந்தன. அவற்றுக்குரிய எழுத்துகள் பைண்டரின் குப்பையோடு என்றோ போய்விட்டன. பார்வை மங்கிய அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மா என்ன சொல்லியிருக்காகன்டு வாசிச்சுச் சொல்லு."

எனக்கு அரபுத் தமிழ் நன்றாகவே வாசிக்க வரும்.