றெஜினா அக்கா எழுதிக் கொடுத்த உண்மை

திங்கட்கிழமை காலை செல்வராசா அண்ணை எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, றெஜினா போயிட்டா. வேலைக்கு வெளிக்கிட்டவ, சப்பாத்துப் போடக் குனிஞ்சவ. பிறகு நிமிரேல்லை" என்றார். மனைவியின் இறப்பை அவர் அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அருகில் இருந்தவர்களிடம் சொன்னேன். றெஜினா யார் என்று கேட்டார்கள். அவர்கள் புதியவர்கள், கோபிக்க நியாயமில்லை. இயக்குநர் அம்மையாருக்கு மட்டும் நினைவிருந்தது. "பாவம், நல்ல பெண்மணி" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்காவை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். றெஜினா அக்கா திருகோணமலையில் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்தவர். 1983 ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம் கனடாவில் மொன்றியல் நகருக்கு வந்தார். ஊரில் செய்த உத்தியோகத்தை இங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பகலில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தார், மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனார். பிறகுதான் சென்ட் லோரன்ட் பகுதியில், அகதிகளுக்கு உதவும் எங்கள் அலுவலகத்தில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தார். நான் அங்கே மொழிபெயர்ப்பாளர்.

அவர் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், சென்ட் மிஷேல் பகுதியில் எங்கள் ஊர் இளம் பெடியள் சிலர் இருந்த வீட்டில் ஹீட்டர் நின்றுபோயிற்று. வீட்டுக்காரர் தொலைபேசியை எடுப்பதேயில்லை. அவருக்கு ஓர் இறைச்சிக் கடை இருந்தது. அக்கா அங்கே போய் வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும், அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து கிடப்பதைக் கடையிலிருந்த அத்தனை பேரும் கேட்கும்படி தன் அரைகுறைப் பிரெஞ்சில் விவரித்தார். பின்னேரமே திருத்துகிறவர் வந்துவிட்டார். "பிரெஞ்சு வகுப்பு வீண்போகேல்லை" என்று சிரித்தார் அக்கா.

எங்கள் அலுவலகத்தில் சமூகப் பணியாளர்கள் ஒவ்வொருவரும், அந்த ஆண்டில் தொழிலில் புதிதாக என்ன கற்றார்கள், அதனால் தங்கள் வேலை எப்படி மாறியது என்று ஆண்டு முடிவில் எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் போய்வந்த பயிற்சிகளின் பெயர்களை எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒரு வருடம் இயக்குநர் கூட்டம் வைத்து, "மனம்திறந்து எழுதுங்கள். தவறுகளையும் எழுதுங்கள். இது யாரையும் தண்டிப்பதற்கல்ல" என்றார். அதை நம்பியவர் அக்கா ஒருவர்தான்.

அந்த வருடம் ஓர் இளம் மனைவி கணவனோடு வந்திருந்தார். தலையிடி, நித்திரை இல்லை என்றார். அக்கா கணவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே விசாரித்தார். ஊரையும் உறவையும் விட்டு வந்த கவலை என்று எண்ணி டாக்டரிடம் அனுப்பினார். சில வாரம் கழித்து அந்தப் பெண் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். முறித்தவன் கணவன். அக்காவும் நானும் பார்க்கப் போனோம்.

"ஏன் பிள்ளை அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டார் அக்கா.

"அவரை வைச்சுக்கொண்டுதானே கேட்டனீங்கள். நான் என்னத்தைச் சொல்ல?"

அந்தப் பெண்ணைப் பாதுகாப்பான பெண்கள் விடுதியொன்றில் சேர்க்கும்வரை அக்கா ஓயவில்லை. ஆண்டு முடிவில், தான் கற்றது என்று அதையே எழுதினார்: 'கணவன் முன்னிலையில் விசாரித்தது என்னுடைய பிழை. இனிமேல் பெண்களைத் தனியாகச் சந்திப்பேன்.'

கணவன் சும்மா இருக்கவில்லை. "என்ர மனிசியை இவ பிரிச்சுப்போட்டா. பேப்பருக்குக் குடுப்பன்" என்று அலுவலகத்தில் வந்து நின்றான். இயக்குநர் அவனை உட்காரவைத்து, அக்காவையும் என்னையும் கூப்பிட்டார். அக்கா எழுதிய தாளை எடுத்தார். "பிழை நடந்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லி, முதல் வாக்கியத்தை மட்டும் வாசித்தார். அந்தப் பெண்ணுக்குச் செய்த பிழை என்று அக்கா வருந்தி எழுதியதை, அவளை அடித்தவனுக்கு ஆறுதலாக வாசித்தார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். நான் அக்காவைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோ தங்கச்சி. நான் எழுதினதுதானே" என்றார் அக்கா.

சொன்னேன். அவன் திருப்தியோடு எழுந்து போனான். அந்த மாதமே அக்காவின் வேலை போயிற்று. பயிற்சிகளின் பெயர்களை எழுதியவர்கள் எல்லாரும் வேலையில் இருந்தார்கள்.

பிறகு அவர் ஒரு தையல் தொழிற்சாலையில் கோட்டுக்குப் பொத்தான் தைத்தார். முன்பு அவரைத் தெரிந்த பெண்கள் வீடு தேடிப் போனால், "எனக்கு அந்த அதிகாரம் இல்லைப் பிள்ளை, ஒஃபீசுக்குப் போங்கோ" என்று அனுப்பிவிடுவாராம். வரிசையில் நின்று வீட்டுக்காரரைத் தலைகுனியவைத்தவரை அப்படி ஆக்கியிருந்தோம். கடைசியாக ஒரு பஸ் தரிப்பில் கண்டபோது, அலுவலகத்தில் என்ன புதினம் என்று கேட்டார். பெண்களைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று இப்போது எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள், போனவர்கள் அதைத் தங்கள் ஆண்டு முடிவுக் கற்றல் பதிவில் எழுதிக்கொள்கிறார்கள் என்றேன்.

"நல்ல விசயம்தானே" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "உண்மையை எழுதச் சொல்லுவினம் தங்கச்சி. அதைத் தாங்க அவையளுக்குப் பயிற்சி இல்லை" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை தேவாலயத்தில் பூசை நடந்தது. அலுவலகத்திலிருந்து மலர்வளையம் வந்தது, இயக்குநர் வரவில்லை. கை முறிந்த அந்தப் பெண் வந்திருந்தார். கடைசி வரிசை வாங்கில் அமர்ந்து அழுதார்.

அடக்கம் செய்ய முடியவில்லை. நிலம் உறைந்து கிடக்கிறது, தோண்ட முடியாது, வசந்தத்தில்தான் என்றார்கள். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு கல் கட்டடம். அதற்குள், குளிர்காலத்தில் இறந்த மற்றவர்களோடு, பெட்டியைத் தட்டில் ஏற்றி வைத்து இரும்புக் கதவைப் பூட்டினார்கள். செல்வராசா அண்ணை கையுறையைக் கழற்றி அந்தக் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றார். குளிரில் விரல்கள் சிவக்கும்வரை எடுக்கவில்லை.

மண் இளகட்டும் அக்கா, வருகிறோம். அதுவரையும் இந்த ஊர் உங்களை வாசலிலேயே வைத்திருக்கிறது.