உப்பளத்து டிகிரியும் காபி டிகிரியும்

1. போர் தண்ணீர்

உப்பள ஆபீசில் எனக்குக் காபி போடுகிற வேலை. ஆபீசில் அடுப்பு கிடையாது. வீட்டில் போட்டு, பிளாஸ்கில் ஊற்றி, வரப்பு வழியாக நடந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சுனாமிக்கு அடுத்த வருஷம் சித்திரையில் சேர்ந்தேன். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. திரௌபதி அம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவேன். என் தகுதி அவ்வளவுதான்.

முதல் நாள் மேனேஜர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன தண்ணிம்மா இது?"

"எங்க வீட்டுப் போர் தண்ணி சார்."

"அதான் பால் திரிஞ்ச மாதிரி இருக்கு. உப்பளத்துப் பக்கத்துல போர் போட்டா உப்புதானம்மா வரும்? இத நான் காபின்னு குடிக்கிறதா, கஞ்சின்னு குடிக்கிறதா?"

எங்களுக்கு அந்தக் கரிப்பு நாக்கில் தெரியாது, பழகிவிட்டது. மறுநாளிலிருந்து கோயில் பக்கத்து அடிபம்பில் நல்ல தண்ணீர் ஒரு குடம் பிடித்துக் காபிக்கென்று தனியாக வைத்தேன். அன்றைக்கே காபி திருந்திவிட்டது.

சின்னப் பெண்கள் என்னிடம் பக்குவம் கேட்கிறார்கள். மெஷின் ஒன்றும் வேண்டாம். ஒரு பித்தளை பில்டர் போதும். மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டுக் குடைத் தட்டால் லேசாக அமுக்க வேண்டும். இறுக்கி அமுக்கினால் டிகாக்ஷன் இறங்காது, அமுக்காமலே விட்டால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். தளதளவென்று கொதித்த தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி மூடிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். தட்டுவது, ஆட்டுவது, திறந்து திறந்து பார்ப்பது எதுவும் கூடாது. பால் ஒரு தரம் பொங்கியதும் இறக்கிவிட வேண்டும். இறங்கிய டிகாக்ஷனைத் திரும்ப அடுப்பில் வைத்துச் சுட வைத்தால் கசந்துவிடும். காபி என்பது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்று நினைத்ததில்தான் எங்கள் வீட்டில் அந்தப் பயங்கரம் நடந்தது.

2. எத்தனை டிகிரி?

மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, நாக்குதான் நீளம். தினமும் காபியைக் குடித்து முடித்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா டிகிரி காபி ஆகலை."

எங்கள் வீட்டுக்காரர் ஏழுமலைக்கும் அதே உப்பளத்தில்தான் வேலை. பாத்தித் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்ப்பவர் அவர். அதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் குண்டாக உருண்டிருக்கும், கனத்துக்காக உள்ளே ஈயத்தை மெழுகு வைத்து ஒட்டியிருப்பார்கள். பாத்தியில் விட்டால் நேராக நின்று மிதக்கும். எந்தக் கோட்டில் தண்ணீர் தொடுகிறதோ அதுதான் டிகிரி. இருபத்துநாலைத் தாண்டினால் உப்பு இறங்கும். ரொம்ப ஏறிவிட்டால் கசப்பு சேர்ந்துவிடும், தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். எங்கள் ஊரில் டிகிரி என்றால் இதுதான். காலேஜ் டிகிரி கூட அப்புறம்தான்.

"இன்னாமே, மூஞ்சி தொங்கிப் போயிருக்குது?" என்றார் ஒரு நாள் சாயங்காலம்.

"சாருக்கு டிகிரி வரலையாம். ஆள மாத்திடுவாரோன்னு பயமா இருக்குது."

"எத்தினி டிகிரி கேக்குறாரு?"

"நான் இன்னாத்தக் கண்டேன்?"

"கேக்க வேண்டியதுதான?"

"நீங்க போய்க் கேளுங்க. இதுகூடத் தெரியாமதான் காபி போட வந்தியான்னு நாக்கப் புடுங்குற மாதிரி கேப்பாரு."

தலைப் பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் தேவகி பாயில் சாய்ந்தபடி சிரித்தாள். எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. "அம்மா, நைனாவ உட்டா காபிய பாத்தில ஊத்தி வெய்யில்ல காய வெச்சிடுவாரு."

நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையில்தான் கண்ணாடிக் குழாய் இருக்கும்.

3. படுத்துக்கொண்ட குழாய்

மறுநாள் விடியலில் கரண்ட் இல்லை. அடுப்படியில் சிம்னி விளக்கு மட்டும். டிகாக்ஷன் இறங்கி முடிந்திருந்தது. நான் பால் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது அவர் பையை மாட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, காபி குடிக்காமயா?"

"பாத்திய பாக்கணும். அப்பால வந்து குடிக்கிறேன்," என்று நிற்காமல் போய்விட்டார்.

பாலைக் காய்ச்சி, டிகாக்ஷனை ஊற்றிக் கலந்தேன். முதல் டம்ளர் பிள்ளைத்தாச்சிக்கு. தேவகி ருசித்துக் குடித்தாள். மீதியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

மேனேஜர் அன்றைக்கு ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது வரப்பிலிருந்து சத்தம் கேட்டது.

"மல்லிகா! குடிக்க உடாத! சார குடிக்க உடாத!"

எங்கள் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். உப்புக் குவியலில் சறுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினார். வாசலில் வந்து மூச்சிரைக்க நின்றார். கையிலிருந்த குழாயை மட்டும் தூக்கிக் காட்டினார். அதற்கு அடி இல்லை.

"என்னய்யா இது?" என்றார் மேனேஜர்.

"டிகாக்ஷன்ல உட்டு டிகிரி பாத்தேன் சார். டிக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சி, மூடி ஆடுதுன்னு நெனச்சேன். இவ வர்ற சத்தம் கேட்டுச்சி, பாத்தா திட்டுவாளேன்னு அப்டியே துணியில சுத்திக்கினு வந்துட்டேன். இப்பதான் பாத்தில உட்டேன். நிக்காம படுத்துக்கிச்சி சார். எடுத்துப் பாத்தா அடியக் காணோம்."

"டிகாக்ஷன்ல எதுக்குய்யா டிகிரி பார்த்த?"

"நீங்கதான சார் தெனமும் டிகிரி வரல, டிகிரி வரலன்னீங்க?"

மேனேஜர் காலி டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தார். பிறகு தொண்டையைத் தொட்டுக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. முதல் டம்ளர் யாருக்குக் கொடுத்தேன்?

காது இரண்டும் அடைத்துக்கொண்டன. "தேவகி," என்றேன்.

4. பேப்பரில் பொருத்திய கண்ணாடி

ஆபீஸ் ஜீப்பில் மூவரும் வீட்டுக்கு வந்தோம். தேவகி வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, ஆபீசையே கூட்டியாந்துட்ட?" என்றாள். அவள் சிரிப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பில்டரின் கீழ்ப் பாத்திரத்தில் கொஞ்சம் டிகாக்ஷன் மிச்சம் இருந்தது. வெள்ளைத் துணியில் வடித்தேன். ஈயம் ஒட்டிய அடிப்பாகம் தங்கியது, கூடச் சில சில்லுகளும் தங்கின. பேப்பரை விரித்து, குழாயை அதன்மேல் வைத்து, மேனேஜரே ஒவ்வொரு சில்லாக எடுத்துப் பொருத்தினார். எல்லாம் பொருந்தின. ஓர் இடம் மட்டும் ஓட்டையாக நின்றது. சுண்டுவிரல் நகம் அளவு.

பிளாஸ்கைக் கவிழ்த்து வடித்தோம், இல்லை. தேவகி தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். "கழுவுறப்ப எதுனா இருந்துச்சாமா? நல்லா யோசிச்சி சொல்லு," என்றார் அவள் அப்பா.

"ஒண்ணுமில்ல நைனா. எல்லாத்தையும் குடிச்சிட்டேன்," என்றாள். சொல்லி முடிக்கும்போதுதான் அவளுக்கும் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

குழாயையும் சில்லுகளையும் பேப்பரோடு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஜீப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பியது. பொம்மையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதித்து ஓடி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கண்ணாடி உள்ளே போனால் பழம் சுற்றிக்கொள்ளுமாம், குத்தாதாம். தேவகிக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று என்று உரித்து உரித்துக் கொடுத்தார்.

"போதும் நைனா, வாந்தி வருது."

"வாந்தி எடுக்காதம்மா, வர்றப்ப கிழிச்சிடும். சார், நீங்க இன்னொண்ணு சாப்டுங்க சார்."

"யோவ், முதல்ல உன் வாய மூடுய்யா," என்றார் மேனேஜர். சொல்லிவிட்டு அந்தப் பழத்தையும் வாங்கிச் சாப்பிட்டார்.

நான் கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டேன். தாயே, என் பெண் வயிற்றில் அது இருக்கக் கூடாது என்று வேண்ட வாயெடுத்தேன். அப்படி என்றால் சார் வயிற்றில் இருக்கட்டும் என்றல்லவா ஆகும்? அவருக்கும் ஊரில் பெண்டாட்டி, பிள்ளைகள் இருந்தார்கள். எந்தப் பக்கம் வேண்டினாலும் இன்னொரு பக்கம் பாவம். அதனால் தாயே, தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன். பெரிய முதலியார்சாவடி தாண்டியது கூடத் தெரியவில்லை.

5. இப்பத்தான தொடச்சேன்

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "காபியில கண்ணாடியா? யார் போட்டது?"

"நான்தாம்மா," என்று கை தூக்கினார் எங்கள் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

தேவகிக்குப் பிள்ளையின் துடிப்பைப் பார்த்தார்கள். துடிப்பு நன்றாக இருந்தது. ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எக்ஸ்ரே எடுக்க மாட்டோம், படுக்க வைத்துப் பார்க்கலாம், வலியோ ரத்தமோ வந்தால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். டாக்டரம்மா என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் வெளியே வந்து பெஞ்சில் எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேனேஜரை எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கு ஒண்ணும் இல்லையாம்யா! சுத்தமா..."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அப்படியே அணைந்தது. அவர் வயிற்றில் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கும்? அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வார்டு கதவுக்கும் பெஞ்சுக்கும் நடக்க ஆரம்பித்தார். போவது, வருவது, போவது, வருவது.

அப்போது தரை துடைக்கிற அம்மா கத்தினார்.

"ஏம்பா, இப்பத்தான தொடச்சேன்! யாருய்யா அது ரத்தக் காலோட நடக்குறது?"

வெள்ளைத் தரையில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக ஒரு தடம் இருந்தது. வாசலிலிருந்து பெஞ்சு, பெஞ்சிலிருந்து வார்டு கதவு. எல்லாம் ஒரே கால், எங்கள் வீட்டுக்காரருடைய இடது கால்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே," என்று அவர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

உப்பளத்தில் வருஷக் கணக்காக வெறுங்காலோடு நின்றவர்களின் பாதத்தைப் பார்க்காதவர்கள், சொன்னால் நம்ப மாட்டார்கள். உப்பில் ஊறி ஊறித் தோல் கட்டை மாதிரி ஆகிவிடும். முள் குத்தினாலும் தெரியாது. நர்ஸ் வந்து அவரை உட்கார வைத்துக் குதிகாலைத் துடைத்தாள். வெடிப்புக்குள் ஏதோ மின்னியது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். ரத்தத்தோடு ஒரு சில்லு வந்தது. சுண்டுவிரல் நகம் அளவு.

நான் இடுப்பிலிருந்த பேப்பரை எடுத்துத் தரையிலேயே விரித்தேன். மடித்ததில் சில்லுகள் கலைந்து போயிருந்தன. மேனேஜர் குனிந்து உட்கார்ந்து மறுபடி ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசிச் சில்லைப் புடவை முந்தானையில் துடைத்து நான் வைத்தேன்.

பொருந்தியது.

இருட்டில் குழாயை வெளியே எடுத்தபோது ஒரு சில்லு அடுப்படித் தரையில் விழுந்திருக்கிறது. அதன் மேலேயே மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். அதோடு பாத்தியில் நின்று, வரப்பில் ஓடி, பாண்டிச்சேரி வரைக்கும் வந்திருக்கிறார். அது மகள் வயிற்றில் இருக்கிறது என்று எங்களோடு சேர்ந்து பதறியும் இருக்கிறார்.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். தேவகி வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "நைனாவுக்கு வலிக்குதாமா?" என்று கேட்டாள். அதைக் கேட்டுத்தான் அவர் கதவோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கட்டுப் போட்டு முடிந்ததும் மேனேஜர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கேளுய்யா. டிகிரி காபின்னா பால் விஷயம். எங்க ஊர்ல பால்ல தண்ணி கலந்திருக்கான்னு ஒரு குழாய விட்டுப் பார்ப்பாங்க. கலக்காத பால்ல போட்டது டிகிரி காபின்னு எங்கப்பா சொல்வாரு."

எங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அப்ப நான் பால்ல உட்டிருக்கணுமா சார்?"

"ஐயோ, எதுலயும் விடாதய்யா," என்றார் மேனேஜர். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் அந்த வார்த்தையை எங்கள் முன்னால் சொன்னதே இல்லை. காபியைக் குடித்துவிட்டுக் கும்பிடு மட்டும் போடுவார்.

அடுத்த மாதம் தேவகிக்குப் பெண் பிறந்தது. அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம்.

என்னிடம் காபிப் பக்குவம் கேட்க வருகிற பெண்களுக்குக் கடைசியாக ஒன்று சொல்லி அனுப்புவேன். வேலையில் தெரியாத வார்த்தை வந்தால் நீங்களே கேட்டுவிடுவீர்கள், அதில் பயமில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தையை இன்னொருவர் சொன்னால், அப்போதுதான் திட்டினாலும் பரவாயில்லை என்று நின்று, நீங்கள் சொல்வது எது என்று கேளுங்கள். டிகிரி என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒருவரும் கேட்கவில்லை.