அவர் விழவில்லை

"உங்க வூட்டுக்காரரு மேலேருந்து வுழுந்துட்டாராமே?" என்று இன்றைக்கும் யாராவது கேட்கிறார்கள். படப்பை கடைத்தெருவில் கேட்கிறார்கள், ஷேர் ஆட்டோவில் கேட்கிறார்கள். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் புதிதாக லைனுக்கு வந்த பெண்கள்கூடக் கேட்டுவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவர் விழவில்லை. விழாமலேதான் செத்தார்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருக்குச் சாரத்தில் ஏறும் வேலை. ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனியைத் தாண்டினாலும், "அந்தக் கூரை நான் ஏறுனது" என்பார். அவ்வளவு உயரம் ஏறுகிற மனுஷன் வீட்டில் டியூப்லைட் மாற்ற ஸ்டூல் போட்டால், அதை நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார். "ஃபேனோட சேத்துக் கட்டி வுட்டுடட்டா?" என்று கிண்டல் செய்வேன். "கட்டேன், உனக்குப் புண்ணியமாப் போவும்" என்பார்.

சாரத்தில் போடும் பெல்ட் தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் வளைத்துப் பிடிக்கும். அதிலிருந்து இரண்டு கயிறு, முனைக்கு ஒரு கொக்கி. ஒரு கொக்கியைக் கழற்றி முன்னால் மாட்டிவிட்டுத்தான் ஒரு எட்டு வைப்பார். பிறகு அடுத்த கொக்கி. எப்போதும் தலைக்கு மேலே, ஆடாத இரும்பாகப் பார்த்து.

பிறகு சாரம் போய் லிஃப்ட் வந்தது. நீண்ட இரும்புக் கையின் நுனியில் ஆள் நிற்க ஒரு கூடை. உள்ளே இருக்கும் லிவரைத் தள்ளினால் ஏறும், இறங்கும். அதற்குக் குட்டையாக ஒற்றைக் கயிறு கொடுத்து, கூடைக்குள் இருக்கும் வளையத்தில்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது சிரித்தார்.

"கூடையே ஆடிகினு கீது. ஆடுறதுல போயி எவனாவது கொக்கி மாட்டுவானா?"

"சொன்னத செய்யுங்க" என்றேன். செய்தார். எந்தக் குறையும் இல்லாமல்தான் செய்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு ஒரு குடோன் கூரையில் விளக்கு மாற்றினார்கள். கூடை வழக்கத்தைவிட அதிகமாக ஆடியதாம். கீழே நின்றிருந்த அவருடைய கூட்டாளி என் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கை தன்னால மேல போச்சு, அண்ணி. கூரை பீம்ல மாட்டிட்டாரு. வேல முடிஞ்சதும் லிவர தள்ளிட்டாரு. நான் கத்துனது அவருக்குக் கேக்கல."

கூடை நேராக இறங்காது, வளைந்து இறங்கும். கொக்கி மேலேயே நின்றுவிட்டது. கயிறு இறுகி, விலகி இறங்கிய கூடையின் கம்பியில் வைத்து அவர் நெஞ்சை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். பெல்ட் அறுந்துபோகவில்லை, கொக்கி விடவில்லை. எல்லாம் நல்ல உருப்படிதான், யாரையும் குறை சொல்ல முடியாது!

கழற்ற எப்படி மறந்தார் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. சாரத்தில் எட்டு வைக்கும்போதெல்லாம் கை கொக்கிக்குப் போகும். கூடையில் நின்றவருக்குக் கால் நகரவே இல்லை. அதனால் கையும் போகவில்லை. இது புரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? நெஞ்சு எரிவதுதான் மிச்சம்.

காரியம் முடிந்த அன்று, மணிமங்கலத்திலிருந்து வந்திருந்த என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள பெல்ட்டு போட்டுகினுதான இருந்தான்?"

"போட்டுகினுதான் அத்த இருந்தாரு."

"கொக்கி மாட்டுனானா?"

"மாட்டுனாரு."

"பாத்தியா? எம்புள்ள மறக்கவே மாட்டான்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு மிஞ்சியிருந்த ஆறுதல் அது ஒன்றுதான். அதைப் பறிக்க எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு ஒரு நாள் கொக்கி மாட்ட மறந்திருந்தால், அவர் கூடையோடு கீழே இறங்கி வீட்டுக்கு வந்திருப்பார்.