வலிக்காத அக்காவின் ஜப்பான்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்கள் கதவைத் திறக்கும்போதே, "வலிக்காத அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். லீவு என்று கவுன்டர் பெண் சொன்னால், "அப்ப நாளைக்கு வரேன்" என்று திரும்பிப் போகிற சூரர்களும் உண்டு. இருபத்திரண்டு வருடப் பழக்கம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நரம்பைப் பிடித்துவிடுவாள். "எப்பங்க குத்துவீங்க?" என்று ஒருவர் நடுங்கிக்கொண்டு கேட்கும்போது, குத்தி முடித்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்டவள் நாற்பத்தேழாவது வயதில் ஜப்பான் மொழி படிக்க ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டு அலுத்துப்போனவர்களின் வரிசை நீளமானது. அதில் முதல் ஆள் அவளுடைய நாத்தனார்.

"ஜப்பான்ல வேலை எதுவும் கெடச்சிருக்கா அண்ணி?"

"இல்லையே."

"டூர் போறீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மாதான்."

நாத்தனாருக்கு இந்தச் சும்மா பிடிபடவே இல்லை. நேரே அண்ணனிடம் போய், "அண்ணிய ஒரு டாக்டர்கிட்ட காட்டுண்ணா" என்றாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிற அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவ டாக்டர்கிட்டதான் வேலையே பாக்குறா" என்று சொல்லிவிட்டார். ஆனால் அவருக்கும் அதே கேள்விதான். வாரத்துக்கு ஒருமுறையாவது, "இதனால என்ன ஆகப்போகுது?" என்று கேட்டுவிடுவார்.

ஒன்றும் ஆகப்போவதில்லை. அதுதான் அதன் அழகே. தட்டச்சு படித்தாள், அப்பா சொன்னார் என்பதற்காக. லேப் படிப்பு, வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை என்பதற்காக. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றது மகனைப் பள்ளியில் விட. அவன் வேலைக்குப் போய் வேறு ஊரில் இருக்கிறான், ஸ்கூட்டர் காய்கறி சுமக்கிறது. அவள் கற்றதெல்லாம் யாருக்காகவோ எதற்காகவோதான். எதற்காகவும் இல்லாமல் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது இந்த ஒன்றுதான். இதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

படிப்பு நடந்தது வீட்டில் இல்லை, லேப்பில். எடுத்த இரத்தத்தைக் குழாய் குழாயாக ஒரு சுழல் இயந்திரத்தில் வைத்து மூடினால், அது பத்து நிமிடம் 'ங்ங்ங்' என்று சுற்றி, தெளிவை மேலேயும் சிவப்பைக் கீழேயும் பிரித்துக் கொடுக்கும். சுற்றுகிற வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் நிற்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் போனைத் தேய்ப்பார்கள். இவள் ஜப்பான் போய்விட்டு வருவாள். நாளுக்கு நாலு சுற்று, நாற்பது நிமிடம்.

வெளிநாட்டுச் சொற்களை எழுத ஜப்பான்காரர்களுக்குத் தனியாக ஒரு வரிசையே உண்டு, நாற்பத்தாறு எழுத்து. இருநூற்று நாற்பத்தேழை ஆறு வயதில் விழுங்கியவளுக்கு நாற்பத்தாறு எந்த மூலைக்கு? எழுதிப் பார்க்கப் பெயர்கள் வேண்டுமே. வெளியே நாற்காலியில்தான் காலையிலிருந்து பெயர்களாக உட்கார்ந்திருக்கின்றனவே. காத்திருப்போர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீணாய்ப்போன லேபிள் தாள்களில் ஒவ்வொருவரையும் ஜப்பான்காரராக்கிக்கொண்டிருந்தாள்.

வினை வந்தது ஒரு திங்கட்கிழமை. லேபிள் அச்சடிக்கிற பிரிண்டர் காலையிலேயே மண்டையைப் போட்டுவிட்டது. குழாய்க்குக் குழாய் பெயரைக் கையால் எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று. முதல் பதினைந்து பேரை ஒழுங்காகத்தான் எழுதினாள். அந்தக் குழாய்களைச் சுழலவிட்டாள், வழக்கம்போலப் பத்து நிமிடம் ஜப்பானில் இருந்தாள், இயந்திரம் நின்றதும் போய் அடுத்த ஆறு பேருக்கு இரத்தம் எடுத்தாள். ஆள்தான் திரும்பி வந்திருந்தாள். கை இன்னும் அங்கேயே இருந்தது.

அரைமணி கழித்து உள்ளறையிலிருந்து டாக்டரின் குரல் வந்தது. நிலையம் அவருடையது, கோபம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுகிற ஆள்.

"இங்க வாங்கம்மா. இது என்ன, மைல விழுந்த கரப்பான்பூச்சி நடந்து போயிருக்கா?"

ஆறு குழாய். ஆறிலும் வரிசையாக ஜப்பான்.

"என் தப்புதான் சார். பழக்க தோஷத்துல எழுதிட்டேன்."

"படிக்கத் தெரியுமா இத?"

படித்தாள். முதல் குழாய், மூன்றாம் மாதக் கர்ப்பிணி. இரண்டாவது, பள்ளிக்கூட எழுத்தர். மூன்றாவது, நாலாவது, கடகடவென்று வந்துவிட்டன. தன் கையெழுத்துத்தான், ஆனாலும் ஒரு வரியைக்கூட எழுத்துக்கூட்டாமல் அவள் படித்தது அதுதான் முதல் தடவை. அந்த நிலைமையிலும் உள்ளுக்குள் ஒரு குதி குதித்தாள். மறைத்து என்ன, அந்த நிமிடம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

மிச்சம் இரண்டு. ஒன்று தையல்காரர், மற்றது வேன் ஓட்டுநர். பேனா மக்கர் செய்ததில் இரண்டும் ஒரே மாதிரி இழுத்திருந்தன. இடது கையில் இருப்பது தையல்காரர் என்றுதான் தோன்றியது. முக்கால்வாசி நிச்சயம்.

"என்ன, உறுதிதானா?" என்றார் டாக்டர். வெளியே கூட்டம் இருந்தது. அவள் ஆமாம் என்றால் அவர் விட்டுவிடுவார் என்பது முகத்தில் தெரிந்தது.

"இல்ல சார். ஆறையும் தூக்கிப் போட்டுருங்க."

"நாலு சரியாத்தான படிச்சீங்க?"

"அந்த நாலும் சரின்னு நான்தான் சொல்றேன். வேற யாராலயும் சரிபாக்க முடியாது. அத நம்பி ரிப்போர்ட் குடுக்கக் கூடாது சார்."

டாக்டர் ஆறு குழாயையும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு, "சரி. ஜப்பான் இனிமே இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான்" என்றார். அவள் தலையாட்டினாள். நியாயத்தை எப்படி மறுக்க முடியும்?

ஆறு பேருக்கும் அவளே போன் செய்தாள். பிரிண்டர் மேல் பழியைப் போட்டிருக்கலாம், போடவில்லை. மறுநாள் ஆறு பேரும் வெறும் வயிற்றோடு வந்து கை நீட்டினார்கள். தையல்காரர், "அளவு தப்பா எடுத்தா நானும் திரும்பக் கூப்பிடுவேன், விடுங்க" என்றார். ஊசியைக் கண்டாலே வியர்க்கிற வேன் ஓட்டுநர் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நேத்து வலிக்கலக்கா, சரி. இன்னைக்கும் வலிக்காதுன்னு என்ன உத்தரவாதம்?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் பஞ்சை வைத்துவிட்டாள்.

வேலை பிழைத்தது. ஜப்பான்தான் பிழைக்கவில்லை.

வீட்டில் படித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தாள், மொட்டைமாடியில் நடந்து பார்த்தாள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. புதிதாக ஏறாதது போகட்டும், ஏறியிருந்ததும் இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரத்தில் எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு எழுத்தைக் காணோம். ஜப்பான் நோட்டைக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர் கட்டில் செருகினாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேச்செல்லாம் வள்வள் என்றுதான் இருந்தது. "குழம்புல உப்பு" என்று கணவர் தொடங்கினால், "போட்டாச்சு" என்று முடித்துவிடுவாள். உண்மையில் அவளுக்கு அழுகை வந்தது; ஒரு வெட்டி விஷயத்துக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

இந்தச் சமயத்தில் ஒருநாள் கணவர், காம்பு மாற்றிய அவளுடைய கண்ணாடியைக் கொடுக்க லேப்புக்கு வந்தார். அவள் சுழல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் நகரக் கூடாது என்பதால் அவரும் அது நிற்கும்வரை வாசலில் நின்றார். இயந்திரம் 'ங்ங்ங்' என்று சுற்றச் சுற்ற, அவள் ஆள்காட்டி விரல் அவளைக் கேட்காமலே புடவை மடிப்பின் மேல் கோடு கோடாக எழுதிக்கொண்டிருந்தது. அவர் அந்த விரலைப் பார்த்தார், கண்ணாடியைக் கொடுத்தார், போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்குப் பின்கட்டில் வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தமே இல்லை. துணியைப் பிழிகிற சுற்று மட்டும், 'ங்ங்ங்' என்று. ஈரக்கையோடு போய்ப் பார்த்தாள். காலையில் அவளே துவைத்து, காயவைத்து, மடித்து வைத்த துண்டுகள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலி மேல் அந்த நோட்டு.

"என்னங்க இது! காஞ்ச துணியப் போட்டு எதுக்குச் சுத்த விடுறீங்க?"

கணவர் மெஷின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அது ஆட்டம் போட்டதில் அவரும் சேர்ந்து ஆடினார்.

"சும்மாதான்" என்றார்.