பனியைத் தட்டாத பக்கம்

சுவிஸில் துன் நகரத்து ஹோட்டல் ஒன்றின் சலவை அறையில் வேலை செய்கிறா என் மச்சாள், என் கணவரின் தங்கை. இலையுதிர்கால மாலை ஒன்றில், ஈரத் துவாயில் சுற்றிய செடியோடு எங்கள் ஊருக்கு ரயிலில் வந்து இறங்கினா. ஹோட்டல் தோட்டத்தைக் கிண்டிக் கார் நிறுத்துமிடம் ஆக்குகிறார்களாம்.

"எல்லாத்தையும் அள்ளி எறிஞ்சிட்டினம். இது ஒண்டுதான் மிச்சம். எப்பிடியும் பிழைக்க வைச்சுத் தாங்கோ மச்சாள்."

டாக்லிலி, அதாவது பகல் லில்லி, என்று இங்கே சொல்வார்கள். காலையில் விரியும், இரவில் சுருங்கும். ஒரு பூவுக்கு ஒரே பகல். இது கருஞ்சிவப்பு. கோடையில் வேலை தொடங்கமுன் ஒன்றைப் பறித்து வீட்டுச் சாமிப் படத்துக்கு வைப்பது மச்சாளின் நெடுநாள் வழக்கம்.

நாங்கள் இருக்கும் சோலோதுர்னில் ஆற்றுப் பக்கமாக எங்களுக்கு வாடகைத் தோட்டத் துண்டு ஒன்று உண்டு. எந்த ஊரில் எவ்வளவு குளிர் என்று காட்டும் குளிர் வலய வரைபடத்தை ஃபோனில் தேடிப் பார்த்தேன். துன்னுக்கும் எங்களுக்கும் ஒரே நிறம், ஒரே இலக்கம்.

"அங்க நிண்டது இஞ்சயும் நிக்கும்," என்றேன்.

"வரைபடத்துக்கு என்ன, அது வீட்டுக்குள்ள ஹீட்டரோட இருக்கு," என்றார் இவர். இப்படி எதையாவது சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கிற மனுசன்.

கிழங்கை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நடுப் பாத்தியிலும் மற்றதை வேலியோரமும் நட்டோம்.

பிறகு மூடுபனி வந்து ஆற்றை மறைத்தது. பல நாள் உலகமே பால் சோற்றுக்குள் கிடந்ததுபோல இருந்தது. ஸ்னோ கொட்டும்போதெல்லாம் இவர் காரில் பனி தட்டுகிற தூரிகையோடு போய், நடுப் பாத்திச் செடியை மெதுவாகத் தட்டிவிட்டு வருவார். குழந்தைக்குத் தலை துடைக்கிற மாதிரி இருக்கும்.

"பாவம், குளிருமெல்லோ."

வேலியோரத்தில் அது முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சுவிஸ்காரர் பாதையை வழித்த பனி முழுவதையும் அங்கேதான் குவித்தார். "பிள்ளையை உயிரோட மூடிப்போட்டார்," என்று இவர் தமிழில் முணுமுணுத்தார். வெளியே சிரித்துக் கை காட்டினார்.

வசந்தம் வந்தது. நடுப் பாத்திச் செடியைத் தொட்டேன், அழுகிக் கையோடு வந்தது. ஞாயிறு தவறாமல் மச்சாள் ஃபோனில் கேட்பா: "முளைச்சிட்டுதோ?"

"இன்னும் நித்திரை," என்பேன்.

வேலியோரக் குவியல்தான் கடைசியாகக் கரைந்தது. அதன் கீழே, கிளியின் மூக்களவில் ஒரு பச்சை. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். பனிதான் அதற்குப் போர்வையாக இருந்திருக்கிறது.

இவர் பனி தட்டினது முதல் எல்லாவற்றையும் மச்சாளுக்கு ஃபோனில் சொன்னேன். "மச்சாள், ஹோட்டலில அது நிண்டது சலவை அறைச் சுவரோரம். மெஷின்ர சூட்டு ஆவி மாரிக் குளிர் முழுக்க அதிலதான் படும். நான் அதை யோசிக்கவே இல்லை," என்றா. வரைபடத்தில் அந்தச் சுவர் எங்கே இருக்கப்போகிறது?

முதல் மொட்டு விரிகிற காலை, கையில் வெறும் பூச்சாடியோடு வந்தா, செடியைக் கொண்டுபோக. ஒரேயொரு குருத்து, ஒரேயொரு பூ. பார்த்துவிட்டுச் சாடியைக் கீழே வைத்தா.

"இது இஞ்சயே நிக்கட்டும். மாரிக்கு அண்ணையை மட்டும் உள்ளுக்க பூட்டி வையுங்கோ."

இவர் தூரிகையைத் தேடுவதுபோல நடித்தார்.

"பறிக்கேல்லையோ?" என்றேன்.

"இண்டைக்குச் சாமி கோவிக்காது."

சாடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, பின்னேர ரயில்வரை அந்தப் பூவோடேயே இருந்தா.