தட்டில் ஒரு சொட்டுகூட இல்லை

பழைய காரின் ஆயில் ஒழுகலை நேற்று ஒருவழியாகச் சரிசெய்தேன்.

"இந்தக் காசுக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம் சார்" என்றார் மெக்கானிக். நான் கேட்கவில்லை.

நான்கு மாதமாக, சொட்டும் ஆயிலைப் பிடிக்க வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வைத்திருந்தேன். பீங்கானுக்குப் பேர்போன எங்கள் விருத்தாசலத்தில் சூளையில் கோணிப்போன தட்டுக்கா பஞ்சம்?

தினமும் காலையில் பால் போடும் அக்கா குனிந்து பார்ப்பார். "நேத்த விட ஜாஸ்தியா இருக்குது சார்."

உடனே எதிர்வீட்டுக்காரரும் வந்துவிடுவார். இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா என்று இருவரும் சண்டை போடுவார்கள். தனியாக இருக்கும் எனக்கு அன்றைய பேச்சு அதோடு சரி.

இன்றும் அக்கா குனிந்தார். தட்டு பளிச்சென்று இருந்தது.

"அப்பாடா, நின்னுபோச்சு. வரேங்க சார்."

எதிர்வீட்டுக்காரர் வெளியே வரவே இல்லை.

ஒழுகுகிற பழைய கார் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். தட்டு தயாராக இருக்கிறது.